பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விடலாமா?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். வயது 26. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் மாதம் 19,000 ரூபாய் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. மூன்று வருடமாகத் தமிழும் மலையாளமும் கலந்து ராப் எழுதிப் பாடுகிறேன். பீட், அதாவது பாட்டுக்கான இசை, போடுவது என் நண்பன். போன வருடம் 12 மேடை ஏறினேன். செலவு போக மேடைக்கு 6,000 ரூபாய் நின்றது. மைக்கும் கருவிகளும் வாங்க அம்மாவின் சங்கிலியை 1,20,000 ரூபாய்க்கு அடகு வைத்திருக்கிறேன், வட்டி 11 சதவீதம். இப்போது ஒரு இசை நிறுவனம் பத்துப் பாட்டுக்கு 3 லட்சம் தருவதாகச் சொல்கிறது. முழு உரிமையும் நிரந்தரமாக எழுதித் தர வேண்டுமாம். வாங்கி, நகையை மீட்டு, வேலையை விட்டு முழுநேரமும் இறங்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் ஊரில் கள்ளு இறக்கத் தென்னையைக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகைப் பணம் கைக்கு வரும், மரம் தோப்புக்காரரிடமே நிற்கும். இந்த நிறுவனம் மரத்தையே கேட்கிறது. கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்களிடம் என்ன இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வரிகள் உங்களுடையவை. இசை நண்பருடையது. அம்மாவின் சங்கிலியில் வாங்கிய மைக்கில், சொந்தச் செலவில் பதிவு செய்ததால் ஒலிப்பதிவின் தயாரிப்பாளரும் நீங்கள்தான். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால், நாளை திருவிழா மேடையில் உங்கள் பாட்டை நீங்களே பாடுவதற்கும் யாரிடமாவது கேட்டு நிற்க நேரலாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைத்தவருக்கும் ஒரு காவல் வைத்திருக்கிறது: உரிமையை மாற்றிக் கொடுத்தாலும், ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துவோர் தரும் தொகையில், உரிமையை வாங்கியவருக்குச் சமமான பங்கு பெறும் உரிமையை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. "ராயல்டியும் எங்களுக்கே" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேளுங்கள்.

உங்கள் பக்கத்திலிருந்து இப்படிக் கேட்டுப் பாருங்கள்: குத்தகை போல மூன்று வருடத்துக்கு மட்டும் உரிமம், இணையத்தில் வெளியிட மட்டும், மேடை உங்களுக்கே. தொகை 3 லட்சத்திலிருந்து 1 லட்சமாக இறங்கினாலும் சம்மதியுங்கள். கால அளவை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எழுத்தில் காலம் குறிக்காத உரிமை மாற்றத்தைச் சட்டம் ஐந்து வருடமாகவே எடுத்துக்கொள்ளும். உங்களிடம் வந்த தாளில் 'நிரந்தரம்' என்றே இருப்பதால் அந்தச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. பணம் தரும்போது வருமான வரிக்காக 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். உங்கள் வருமானத்துக்குப் புதிய வருமான வரி முறையில் வரி வராது, கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி வேலை. 12 மேடைக்கு 72,000. மாதத்துக்குப் பிரித்தால் 6,000. திருவிழாக் காலத்தில் வாரம் இரண்டு மேடை கிடைப்பதும், மழை தொடங்கினால் மாதக்கணக்கில் ஒன்றும் இல்லாததும் உங்களுக்கே தெரியும். 19,000-ஐ விட்டு 6,000-க்கு வர வேண்டாம். அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது இ.எஸ்.ஐ. உங்களைச் சார்ந்திருக்கும் அம்மாவுக்கும் அதில் வைத்தியம் உண்டு. வேலை போனால் அதுவும் போகும், அப்புறம் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு மீட்ட சங்கிலியையும் கேட்கும்.

நகைக் கடனுக்கு வருடம் 13,200 ரூபாய் வட்டி. வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்துக்கொண்டே போகாதீர்கள். மேடைப் பணம் முழுக்க அசலுக்குப் போகட்டும்; உரிமத் தொகை வந்தால் அதுவும் அங்கேதான். சங்கிலி வீட்டுக்கு வந்தபின், ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவு வங்கியில் சேர்ந்து, பாட்டு வருமானம் ஒரு முழு வருடத்தின் சராசரியில் சம்பளத்தைத் தொட்டால், அப்போது வேலையை விடுவதைப் பேசலாம். அந்தக் கடிதத்தை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

இந்த வாரமே செய்ய ஒன்று உண்டு. நண்பரோடு உட்கார்ந்து, பத்துப் பாட்டுக்கும் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பிறகு இருவரும், பாடலாசிரியருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.-இல் உறுப்பினராகி அதே பங்கோடு பாட்டுகளைப் பதியுங்கள். நிறுவனத்தோடு பேசப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.