பழசெல்லாம் அரிதா?

கேள்வி: வங்கி வேலையில் ஓய்வு பெற்றவன் நான். கென்யாவின் சாவோவில் ஆட்களைத் தின்ற இரு சிங்கங்களைப் பற்றி, அவற்றைச் சுட்ட பேட்டர்சனே எழுதிய 'மேன் ஈட்டர்ஸ் ஆஃப் சாவோ' பழைய பேப்பர் கடையில் தற்செயலாகக் கிடைத்தது. அன்றிலிருந்து ஆப்பிரிக்க வேட்டை, பயண நூல்களைச் சேர்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றிய பாதிரியார் லிவிங்ஸ்டன் எழுதிய 1857ஆம் வருடப் பயண நூலை 'முதல் பதிப்பு, மிக அரிது' என்று சொல்லி ஒரு வியாபாரி பெரிய விலை கேட்கிறார். வாங்கலாமா? "மிருகத்தைச் சுட்டவங்க கதைக்குப் போய் காசா?" என்று மகள் வேறு கேட்கிறாள்.
- வாசகர், குன்னூர்

பதில்: முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே? அப்படியானால் நிதானமாகப் பேசலாம்.

அந்த நூல் பழசுதான், ஆனால் அரிது இல்லை. முதல் அச்சே சுமார் 12,000 பிரதிகள். அப்புறமும் அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள். அரிதாக இருப்பது குறையில்லாத பிரதிதான். முகப்பில் விக்டோரியா அருவியின் மடிப்புப் படம் இருக்க வேண்டும். மடிப்பு வரைபடங்கள் இரண்டு. அதில் ஒன்று பின்னட்டை உட்புறப் பையில் இருக்கும். பலர் கைபட்டதில் முதலில் காணாமல் போவது அதுதான். அந்தப் பையைத் திறந்து படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நைல் நதியின் தொடக்கத்தைத் தேடிப்போன சாமுவேல் பேக்கரின் ஆல்பர்ட் ஏரிப் பயண நூலை ஒருமுறை ஆசையாக வாங்கினேன். தங்க எழுத்து, தோல் முதுகு, பார்க்க அம்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்து விரித்தால், தையல் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ பிளேடு வைத்து வரைபடத்தை நறுக்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து, முன்பக்கப் படப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்தாளையும் எண்ணிப் பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லை. கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

உங்கள் சாவோ பிரதியில் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் பதிப்பு விவரம் இருக்கிறதா பாருங்கள். 1907இல் வந்த நூல் அது, மறுபதிப்புகள் ஏராளம். வெறும் மறுபதிப்பாக இருந்தாலும் வருத்தப்படாதீர்கள். உங்கள் சேகரிப்புக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

ஏனென்றால் ஆப்பிரிக்கா முழுவதையும் சேர்க்கப் போனால் பென்ஷன் தாங்காது. ஒரு ஓரத்தைப் பிடியுங்கள். இந்தியா, இலங்கையோடு ஒட்டு உறவுள்ள நூல்கள் என்று வைத்துக்கொள்ளலாமே? சாவோவில் 1898இல் சிங்கங்களுக்கு இரையானவர்களில் உகாண்டா ரயில் பாதை போட வந்த இந்தியத் தொழிலாளர்கள் பலர். பேக்கர் நைல் நதிக்குப் போகுமுன் நுவரெலியாவில் குடியிருந்து வேட்டையாடி, இலங்கையைப் பற்றியே நூல் எழுதியவர். பம்பாய் ராணுவப் பொறியாளரான கார்ன்வாலிஸ் ஹாரிஸின் தென்னாப்பிரிக்கப் பயண நூல் முதலில் அச்சானது பம்பாயில், 1838இல். லண்டன் பதிப்பு அடுத்த வருடம்தான், அதுவும் வேறு தலைப்பில். பம்பாய்ப் பதிப்பு கண்ணில் படுவதே அபூர்வம். 'மிக அரிது' என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஊர் ஈரத்துக்குப் புத்தகத்தைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், காற்று போகட்டும். கிழிசலுக்கு செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். பூஞ்சை பிடித்தது என்று வெயிலில் காய வைத்தால் முதுகு வெளிறிப்போகும்.

மகள் கேட்டது நியாயமான கேள்வி. இந்த எழுத்தாளர்கள் சொல்வதை நானும் அப்படியே நம்புவதில்லை. சாவோவில் இறந்தவர்கள் 135 பேர் என்று பேட்டர்சன் பிற்பாடு சொன்னார். சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த இரு சிங்கங்களின் எலும்பையும் முடியையும் ஆராய்ந்தவர்கள், 2009இல், தின்றது சுமார் 35 பேரை என்று கணக்கிட்டார்கள். புத்தகத்தை ஒருமுறை மகளிடமே கொடுங்கள். பென்சிலோடு படிக்கட்டும், குறிப்பை மட்டும் தனித்தாளில் எழுதச் சொல்லுங்கள், ஓரத்தில் கிறுக்கினால் விலை போய்விடும்.

லிவிங்ஸ்டன் பையில் வரைபடம் இருந்தால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.