நியூ மெக்சிகோவின் வாய்க்கால்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகள் வேலை பார்க்கும் சான்டா ஃபே நகரில் மார்ச் முதல் மே வரை தங்கிவிட்டு வந்தேன். என்ன பார்க்கலாம் என்று கேட்டபோது எல்லோரும் பாலைவனம், அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸ், செவ்விந்தியர் கிராமம் என்று மூன்றைத்தான் சொன்னார்கள். என் கண்ணில் நின்றது வேறு. சிமாயோ வழியாக டாவோஸ் போகும் மலைச்சாலையில் ஊருக்கு ஊர் ஒரு மண் வாய்க்கால் ஓடுகிறது. ஓரிடத்தில் இருபது முப்பது பேர் வரிசையாக நின்று தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஊர் கோபிசெட்டிபாளையம். கொடிவேரி அணையின் தடப்பள்ளி வாய்க்காலில் பாயும் வயல். அதனால் காரை நிறுத்திப் பார்த்தேன், மொழி தெரியாததால் கேட்க முடியவில்லை.

அமெரிக்காவில் இன்னும் ஊர் கூடி வாய்க்கால் வாருகிறார்களா? மடையைத் திறப்பது யார்? இவ்வளவு பணமுள்ள நாட்டில் ஏன் சிமெண்ட் போடவில்லை? அவர்கள் மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று மகளின் நண்பர்கள் சொல்வது சரியா?

அன்புடன்,
ஒரு வாசகர்
கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளியாமல் வாய்க்கால் விளங்காது. வட நியூ மெக்சிகோவில் ஸ்பானிய மொழி பேசும் பழைய குடும்பங்கள் மெக்சிகோ என்ற நாடு உருவாவதற்கு முன்பே அங்கே இருந்தவை. 1598இல் ஹுவான் தெ ஓன்யாத்தே என்ற ஸ்பானியத் தளபதி, சாமா ஆறு ரியோ கிராண்டேயில் சேரும் இடத்துக்கு அருகே, இன்று ஓகே ஓவிங்கே எனப்படும் ஊரை ஒட்டிக் குடியேறினார். அந்த ஆண்டே வாய்க்கால் வேலை தொடங்கியது. வெட்டியவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணின் பியூப்லோ மக்கள். மெக்சிகோ தனி நாடானது 1821இல்தான். 1846இல் அமெரிக்கப் படை சான்டா ஃபேயைப் பிடித்தது, 1848 ஒப்பந்தப்படி நிலம் அமெரிக்காவுக்குப் போனது. ஒரே வீட்டில் ஒரே வயலை உழுதபடி அவர்கள் மூன்று ஆட்சிகளைப் பார்த்தார்கள். மலையூர்களில் ‘அப்படி’ என்பதற்கு ‘அசி’ என்னாமல் ‘அசினா’ என்று பழைய ஸ்பானிய வடிவத்தைச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு.

‘செவ்விந்தியர் கிராமம்’ என்ற சொல்லையும் விட்டுவிடலாம். அங்கே பத்தொன்பது பியூப்லோ சமூகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அரசு உண்டு. தேவா, தீவா, தோவா, கேரஸ், சூனி என்று மொழிகளும் வேறு வேறு. இவற்றோடு நவாஹோ, அப்பாச்சே மக்களும் இருக்கிறார்கள். ஸ்பானியர் வருமுன்பே பியூப்லோ மக்கள் தண்ணீரைத் திருப்பி மக்காச்சோளம் விளைவித்தவர்கள். 1680இல் போபே தலைமையில் எழுந்து ஸ்பானியரை விரட்டி, பன்னிரண்டு ஆண்டுகள் அவர்களை உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள். வாய்க்கால் வரலாற்றை ஸ்பானியரின் நன்கொடையாக மட்டும் எழுதுவது தவறு. இந்த வாய்க்கால் முறையின் பெயர் ‘அசெக்கியா’, அரபுச் சொல்லிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்தது. ஸ்பெயினை ஒருகாலத்தில் ஆண்ட மூர்கள் என்ற முஸ்லிம்களின் பாசன அறிவும் பியூப்லோக்களின் மண்ணறிவும் உழைப்பும் அதில் சேர்ந்திருக்கின்றன.

இனி நிலம். ஆல்புகர்க்கியில் ஆண்டு மழை ஏறத்தாழ 225 மில்லிமீட்டர். அதை நம்பிக் கடலைகூடப் போட முடியாது. தண்ணீர் சாங்ரே தெ கிறிஸ்தோ மலைகளில் பனியாக விழுந்து கிடக்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை உருகி ஓடைகளில் இறங்குகிறது. பிறகு ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமழை. இரண்டுக்கும் இடையில் ஜூன் கடைசியில் வருகிற வறட்சிதான் பயிரைக் கொல்வது. மலையில் பனி குறைந்தாலோ வெயில் முந்திக்கொண்டு சீக்கிரம் உருகினாலோ அந்த இடைவெளி நீள்கிறது. ஊர்ச் சண்டைகள் அப்போதுதான் கிளம்பும்.

உங்களுக்கு உறுப்புகளைச் சொன்னால் போதும், மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். ஆற்றின் குறுக்கே ‘பிரெசா’ என்ற தடுப்பு. முன்பு மரக்கட்டை, புதர், கல் வைத்துக் கட்டியது, நம் பக்கத்துக் கொரம்பு மாதிரி. வெள்ளம் வந்தால் போய்விடும், மறுபடி கட்டுவார்கள். இப்போது பல இடங்களில் கான்கிரீட். அடித்துப் போவதில்லை, ஆனால் பின்னால் மணல் ஏறித் தலைமதகை மூடிவிடுகிறது. தலைமதகிலிருந்து ‘அசெக்கியா மாத்ரே’, அதாவது தாய்வாய்க்கால். அது ஆற்றைவிட மென்மையான சரிவில் மலையடியை ஒட்டிப் போவதால், போகப்போக ஆற்றுக்கும் அதற்கும் நடுவே நிலம் அகல்கிறது. அந்த நிலம்தான் ஆயக்கட்டு. வாய்க்காலுக்கு மேலே கள்ளியும் புதரும், கீழே பச்சை. நீங்கள் பார்த்த அந்தக் கோடு அதுதான். வயலுக்குப் பிரியும் சிறுகாலுக்கு ‘சங்கிரியா’ என்று பெயர், இரத்தம் வடிப்பது என்று பொருள். மிச்சநீர் ‘தெசாகுவே’ என்ற வடிகால் வழியாக ஆற்றுக்கே திரும்பும்.

வயல்கள் ஏன் நாடா நாடாவாக நீண்டு கிடக்கின்றன என்று யோசித்திருப்பீர்கள். பாகப்பிரிவினையின்போது வாய்க்காலிலிருந்து ஆறு வரை நீளவாக்கில்தான் வெட்டுவார்கள். குறுக்கே வெட்டினால் ஒரு பிள்ளைக்கு மடை இல்லாமல் போய்விடும். தலைமுறைகள் கடந்தபின் சில நாடாக்கள் மிகவும் ஒடுங்கிவிட்டன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் வாய்க்காலில் ஒரு வாய் இருக்கிறது.

மடையைத் திறப்பவர் மயோர்தோமோ. நம் ஊரில் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டியின் வேலைதான், ஆனால் ஊர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. அவருக்கு மேல் மூன்று கொமிசியோனாதோக்கள், அதாவது ஆணையர்கள். ஆயக்கட்டுதாரர்கள் பார்சியாந்தே எனப்படுவார்கள். இந்த அமைப்புக்கு 1895 முதல் சட்டப்படி உருவம் உண்டு. ஏறத்தாழ எழுநூறு அசெக்கியாக்கள் மாநிலத்தில் இருக்கின்றன. உரிமையை ‘தெரெச்சோ’ என்ற பங்கில் கணக்கிடுகிறார்கள். ஒரு பங்கு வைத்திருப்பவர் வாரும் நாளில் ஓர் ஆளை அனுப்ப வேண்டும், அரைப்பங்குக்கு அரைநாள். வராதவர் பணம் கட்ட வேண்டும். கட்டாதவருக்குத் தண்ணீரை நிறுத்தச் சட்டம் அதிகாரம் தருகிறது.

நீங்கள் பார்த்தது இந்த வருடாந்தர வாருதல், ‘லிம்பியா’. மார்ச், ஏப்ரலில் நடக்கும். மயோர்தோமோ முன்னால் நடந்து, சில தப்படிக்கு ஒரு கோடு கிழித்து ஆளுக்கு ஒரு துண்டு ஒதுக்குவார். இதற்கு ‘தரேயா’ என்று பெயர். வில்லோ வேரை வெட்டி, மணலை அள்ளிக் கரைமேல் போட்டு, அடியை மட்டமாக்க வேண்டும். எல்லாத் துண்டும் முடிந்ததும் “வுவெல்தா!” என்று குரல் கொடுப்பார். எல்லோரும் முன்னோக்கி நகர்ந்து அடுத்த துண்டுகளைப் பிடித்துக்கொள்வார்கள். கருவி நம் மண்வெட்டி போல இழுத்து வெட்டுவதல்ல. காலால் மிதித்துக் குத்தி அள்ளும் நீளக்கைப்பிடி ஷவல். தூர் வாரும்போது எல்லோரும் செய்யும் தவறு ஆழமாக வெட்டிவிடுவது. அடிமட்டம் இறங்கினால் தண்ணீரும் இறங்கும், வயல்மடைக்கு ஏறாது. அதனால்தான் பழைய ஆட்கள் இயந்திரம் ஓட்டுபவர் பக்கத்திலேயே நிற்பார்கள்.

முதல் தண்ணீர் விடும் நாள் ஆபத்தானது. காய்ந்த இலை, சுள்ளி, நெகிழிப்புட்டி எல்லாவற்றையும் தண்ணீர் முன்னால் தள்ளிக்கொண்டு போகும். சாலைக்கடியில் இருக்கும் குழாயில் அடைத்தால் தண்ணீர் கரைமேல் வழியும். வழிந்த நீர் கரையின் வெளிப்பக்கத்தை அரித்து, சிறிது நேரத்தில் உடைப்பாகிவிடும். ஆகவே மதகைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, தண்ணீரின் முகப்போடு குப்பை வாரும் நீளக்கைப்பிடிக் கவை வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். இரண்டாவது எதிரி கோஃபர் என்ற வளை எலி. அதன் வளைக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியே முதலில் ஓர் ஈரத்திட்டு மட்டும் தெரியும். வெளிப்பக்கத்தில் மண் போட்டு அடைத்தால் நிற்காது. தலைமதகை இறக்கிவிட்டு, உள்பக்கத்திலிருந்து வளையைத் தோண்டித் திறந்து, களிமண் போட்டு மிதித்துக் கெட்டிக்க வேண்டும். அவசரத்தில் மதகை இறக்காமல் வேலை தொடங்குபவர்கள் கரையையே இழக்கிறார்கள்.

தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். பங்குக்கு இத்தனை மணி நேரம், இரவும் கணக்கில் உண்டு. பல வாய்க்கால்களில் வழக்கம் இது: முதலில் கால்நடைக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும், பிறகு பழமரத்துக்கு, கடைசியில் குதிரைமசால் என்ற தீவனப்பயிருக்கு. மிளகாயும் பீன்ஸும் இரண்டு வாரம் வாடினால் போச்சு, குதிரைமசால் வேர் ஆழமானது, தாங்கும். மேற்கு அமெரிக்காவின் பொதுச்சட்டமோ ‘முதலில் எடுத்தவனுக்கு முதல் உரிமை’ என்கிறது. பஞ்சத்தில் உரிமையில் மூத்தவர் முழுக்க எடுத்துக்கொள்ளலாம், பின்னால் வந்தவருக்கு ஒன்றுமில்லை. அசெக்கியாவுக்குள் அப்படிக் கிடையாது. குறைவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அந்த மாநிலத்தில் நான் மிக மதிப்பது இதைத்தான்.

சிமெண்ட் கேள்விக்கு வருகிறேன். சில இடங்களில் போட்டிருக்கிறார்கள். மணற்பாங்கான துண்டு, மலைச்சரிவு, அடிக்கடி உடையும் வளைவு, அங்கெல்லாம் அது சரியான வேலை. ஆனால் முழுநீளமும் போடுவதைப் பலர் எதிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. மண்வாய்க்காலில் கசியும் நீர் வீணாவதில்லை. அது கிணறுகளுக்குப் போகிறது, காட்டன்வுட் மரங்களுக்குப் போகிறது, மீதி நிலத்தடியில் மெல்ல நகர்ந்து கோடைக்கடைசியில் ஆற்றுக்கே ஊற்றாக வருகிறது. பனிநீரை இரண்டு மூன்று மாதம் மண்ணுக்குள் சேமித்துவைக்கும் ஏற்பாடு அது. பூசிவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் கூடும், கரையோர மரம் காயும், கிணறு இறங்கும். கட்டடத்திலும் இதே பாடம் உண்டு. ராஞ்சோஸ் தெ டாவோஸ் ஊரின் மண் தேவாலயத்துக்கு ஒருகாலத்தில் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டு அடோபி என்ற சுடாத மண்கல் கரையத் தொடங்கியது. பூச்சை உரித்தெடுத்துவிட்டு, மறுபடி ஆண்டுதோறும் ஊர் கூடி மண் பூசுகிறார்கள்.

உண்மையான ஆபத்து எலியும் மணலும் அல்ல. நீருரிமையை நிலத்திலிருந்து பிரித்து நகரத்துக்கோ வீட்டுமனைக்காரருக்கோ விற்க முடியும். ஒருவர் விற்றால் அவருடைய ஆளும் போகிறார், பணமும் போகிறது, வாய்க்காலின் நீளம் மட்டும் குறைவதில்லை. மீதிப்பேர் அதே தூரத்தை வார வேண்டும். இதைத் தடுக்க, அத்தகைய மாற்றத்தை ஏற்கவோ மறுக்கவோ வாய்க்கால் சபைக்கே 2003இல் சட்டம் அதிகாரம் கொடுத்தது. பியூப்லோ மக்களின் உரிமை எல்லாவற்றுக்கும் மூத்தது என்பதால் நீதிமன்ற வழக்குகளும் நீண்டன. சான்டா ஃபேயின் வடக்கே நான்கு பியூப்லோக்கள் சம்பந்தப்பட்ட ஆமட் வழக்கு 1966இல் தொடங்கி அரை நூற்றாண்டைத் தாண்டியது. டாவோஸில் பேசித் தீர்த்த உடன்பாட்டுக்கு 2010இல் நாடாளுமன்ற ஒப்புதல் கிடைத்தது.

2022 ஏப்ரலில் அமெரிக்க வனத்துறை திட்டமிட்டு வைத்த தீ கைமீறி, 3,41,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. மாநில வரலாற்றிலேயே பெரிய காட்டுத்தீ. எரிந்த மலைமண் தண்ணீரை உறிஞ்சாது. அந்தக் கோடையின் மழை சாம்பலும் சேறும் கட்டையுமாக இறங்கி மோரா, சான் மிகேல் மாவட்டங்களின் வாய்க்கால்களை மூடியது. நிவாரணத்துக்கு நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டது. ஆனால் ஷவலால் வாரக்கூடிய அளவை அந்தச் சேறு தாண்டிவிட்டது. மேலே மலை எரிந்து கிடக்கும்வரை வாரிய இடம் அடுத்த மழையில் மறுபடி மூடும்.

அடுத்த முறை போகும்போது மே 15ஐ விட்டுவிடாதீர்கள். உழவரின் காவலரான சான் இசித்ரோவின் நாள் அது. சில ஊர்களில் அவர் சிலையை வாய்க்கால்வரை ஊர்வலமாக எடுத்துப்போய் நீரை ஆசீர்வதிப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் போனால் தெருவெல்லாம் பச்சைமிளகாய் சுடும் வாசம். சான்டா ஃபே ஏறத்தாழ 7,000 அடி உயரம், முதல் நாள் தலைவலித்தால் ஓய்வெடுங்கள். பியூப்லோ ஊர்களில் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக்கூடாது. வாய்க்கால் கரை தனியார் நிலத்தில் போவதால் கேட்டுவிட்டு நடங்கள், மதகில் கை வைக்கவே வேண்டாம்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். பங்கு வைத்திருப்பவர்கள் பலருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் ஆல்புகர்க்கியிலும் டென்வரிலும் இருக்கிறார்கள். வாரும் நாளுக்கு ஆள் கிடைக்காமல் ஒவ்வொரு மார்ச்சிலும் தேடுகிறார்கள். பக்கத்து ஊர் மயோர்தோமோவிடம் பிப்ரவரியிலேயே பேசிவைத்தால், நான் வருகிறேன் என்பவரை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். காலை எட்டு மணிக்குத் தலைமதகில் நிற்க வேண்டும். கையுறை, முழங்கால்வரை வரும் ரப்பர் காலணி, மதியச் சோறு, முனை வட்டமான சொந்த ஷவல்.