முன்னோட்டக் கார்டுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: காட்பாடியில் கல்லூரி விடுதியில் இருக்கிறேன். நாங்கள் நான்கு பேர் ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டாட்டத்தில் கமாண்டர் என்ற ஆட்டமுறையை ஆடுகிறோம். பெங்களூர் போய் ஸ்டாண்டர்ட் (அண்மைத் தொகுப்புகளின் கார்டுகள் மட்டும் செல்லும் ஆட்டமுறை) போட்டியில் ஆடவும் எனக்கு ஆசை. சூப்பர்ஹீரோக்களை வைத்து வரும் புதுத் தொகுப்பின் கார்டுகளை இப்போது ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், “மூன்று லெஜண்டரி (தனிப் பெயருள்ள சிறப்புப் பாத்திரம்) கார்டு, ஒவ்வொன்றிலும் நான்கு பிரதி, இப்போதே 6,000 ரூபாய் அட்வான்ஸ் போடுங்கள். வெளிவந்தால் விலை இரண்டு மடங்கு” என்கிறார். கட்டலாமா? எது நல்ல கார்டு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கட்டாதீர்கள். ஒரு கார்டு என்ன வேலை செய்யும் என்பதை முன்னோட்டத்திலேயே ஓரளவு கணித்துவிடலாம். அதன் விலை நிற்குமா என்பதை இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் உங்களிடம் பணம் கேட்கிறார்கள்.

முதலில் கார்டைப் படிக்கும் முறை. படத்தையும் பெயரையும் கட்டைவிரலால் மூடிக்கொள்ளுங்கள். சினிமா, காமிக்ஸ், வீடியோ கேம் போன்ற வேற்று உலகப் பாத்திரங்கள் வரும் தொகுப்புகளில் நம்மை இழுப்பது அந்த முகம்தான். அதை மறைத்தபின் மிஞ்சுவது மேனா (கார்டை இறக்கக் கொடுக்கும் சக்தி) செலவு, கார்டு வகை, நான்கைந்து வரி விதி. அதை வைத்து இப்படிக் கேளுங்கள்: இது இறங்கிய உடனே எதிராளி கொன்றுவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? ஸ்டாண்டர்டில் ஒன்று, இரண்டு மேனாவுக்கே கொல்லும் கார்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஐந்து மேனா கொடுத்து இறக்கிய வீரன் அடுத்த சுற்றுக்காகக் காத்து நின்றால், எதிராளி இரண்டு மேனாவில் அவனை முடித்துவிட்டு மீதி மூன்றில் தன் வேலையைப் பார்ப்பார்.

2023-இல் வந்த ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ தொகுப்பின் ஆர்க்கிஷ் போமாஸ்டர்ஸ் இந்தக் கேள்விக்கு நல்ல விடை. இரண்டே மேனா. இறங்கும்போதே ஒரு புள்ளி சேதம், கூடவே ஒரு ஆர்க் படை டோக்கன் (தனிக் கார்டு செலவில்லாமல் களத்தில் சேரும் துணை வீரன்). அதை உடனே கொன்றாலும் நீங்கள் கொடுத்த விலைக்கு மேல் வாங்கியாகிவிட்டது. தோற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த ஒரு கார்டை எடுத்தாலும் உதவும். உடனே செத்தாலும் லாபம், தோற்கும்போதும் உதவி என்ற இந்த இரண்டு சோதனையையும் தாண்டும் முன்னோட்டக் கார்டு வந்தால் குறித்து வையுங்கள்.

விவி ஆர்னிட்டியர் வேறு ரகம். 2025 ஜூனில் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி’ கார்டு. மூன்று மேனாவுக்கு 0/3, அதாவது அடிக்கும் பலம் 0, தாங்கும் பலம் 3. உருவத்தைப் பார்த்தால் யாரும் தொடமாட்டார்கள். விதியைப் பாருங்கள். கிரீச்சர் (களத்தில் நின்று சண்டையிடும் கார்டு) அல்லாத மந்திரம் ஒன்றைப் போடும்போதெல்லாம் விவிக்கு ஒரு +1/+1 கவுண்டர் (இரண்டு பலத்தையும் ஒன்று கூட்டும் குறி), ஒவ்வொரு எதிராளிக்கும் ஒரு சேதம். அதன்மேல், உங்கள் சுற்றில் ஒருமுறை, விவியின் பலம் எவ்வளவோ அவ்வளவு மேனா, செலவு பூஜ்யம். அந்த வரியில் கார்டைச் சாய்க்கும் ‘டேப்’ குறி இல்லை. குறி இருந்தால் இறங்கிய சுற்றில் பயன்படுத்த முடியாது. இல்லாததால் அன்றே ஓடும். முன்னோட்டம் பார்க்கும்போது மேனா தரும் வரி, செலவில்லாத வரி, டேப் குறி இல்லாத வரி ஆகிய மூன்றையும் தேடுங்கள். பழைய அகாத்தாஸ் சோல் கால்ட்ரன் கார்டோடு சேர்ந்து விவி ஸ்டாண்டர்டை ஆட்டிப் படைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்டாண்டர்டில் தடை செய்தார்கள். கணிப்பு சரியாகவே இருந்தாலும் ஐந்து மாதத்தில் ஸ்டாண்டர்ட் போட்டிக்கு உதவாத கார்டாகிவிட்டது பாருங்கள். விலை வேறு, வலிமை வேறு என்பது இதனால்தான்.

இப்போது அந்த ‘தலா நான்கு பிரதி’ கணக்குக்கு வருவோம். கமாண்டர் டெக் (ஆடுவதற்கு அடுக்கும் கார்டுக் கட்டு) 100 கார்டு. மேனா தரும் அடிப்படை நிலங்கள் தவிர எதிலும் ஒரு பிரதிக்கு மேல் கூடாது. உங்கள் விடுதி ஆட்டத்துக்கு ஒன்று போதும். ஸ்டாண்டர்டில் நான்கு வரை வைக்கலாம் என்றாலும், ஒரே பெயருள்ள லெஜண்டரி இரண்டு உங்கள் பக்கம் நின்றால் ஒன்று போய்விடும். விலை கூடின, மெதுவான லெஜண்டரியில் நான்கு வாங்கினால் கையில் தேங்கும். அவர் நான்கு விற்பது அவர் வசதிக்கு.

கமாண்டருக்கு என்றால் ‘ஒவ்வொரு எதிராளிக்கும்’ என்ற சொல்லைத் தேடுங்கள். நாலு பேர் ஆட்டத்தில் அது மூன்று மடங்கு. ‘ஒரு எதிராளிக்கு’ என்றால், எல்லாருக்கும் 40 உயிர் இருக்கும் மேசையில் கரைந்துபோகும்.

அடுத்தது பலரும் ஏமாறும் இடம், பொறுமையாகப் படியுங்கள். 2025 முதல் இந்த வேற்று உலகப் பூஸ்டர் (பிரித்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும் கார்டுப் பொட்டலம்) தொகுப்புகள் ஸ்டாண்டர்டில் செல்லும். 2023-இன் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ செல்லாது. அது மாடர்ன் என்ற இன்னொரு ஆட்டமுறைக்கு வந்தது. சரி, புதுத் தொகுப்பு என்றால் அதில் எல்லாமே செல்லுமா? செல்லாது. கூடவே வரும் கமாண்டர் டெக்கின் புதுக் கார்டுகள் ஸ்டாண்டர்டில் செல்லாது. பூஸ்டருக்குள்ளேயே பழைய கார்டுகளைப் புதுப் படத்தோடு சேர்த்துப் போடுகிறார்களே, அவையும் செல்லாது. மூலக் கார்டு ஏற்கெனவே ஸ்டாண்டர்டில் இருந்தால் மட்டும் செல்லும். ஒரே பொட்டலத்திலிருந்து வந்த இரண்டு கார்டில் ஒன்று செல்லும், ஒன்று செல்லாது. வித்தியாசம் கார்டின் இடது அடியில் இருக்கும் மூன்றெழுத்துக் குறி. ‘ஃபைனல் ஃபேன்டஸி’யில் எஃப்.ஐ.என் என்றால் முதன்மைத் தொகுப்பு, எஃப்.ஐ.சி என்றால் கமாண்டர் டெக், எஃப்.சி.ஏ என்றால் பழைய கார்டின் புதுப் படம். ‘ஸ்பைடர்மேன்’ தொகுப்புக்கு முதன்மைக் குறி எஸ்.பி.எம். கையிலிருக்கும் பணத்தை முடிவு செய்யும் விஷயத்தை இவ்வளவு பொடி எழுத்தில் அச்சிட்டு, 2025-இல் மட்டும் ஆறு ஸ்டாண்டர்ட் தொகுப்பு விட்டார்கள், அதில் மூன்று வேற்று உலகம். மெஸ் பில்லே மிச்சப்படுத்திக் கட்டும் மாணவனை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? உங்கள் விற்பனையாளர் அனுப்பிய படத்தில் அடிப்பகுதி வெட்டப்பட்டிருந்தால், முழுப் படம் கேளுங்கள். பிறகு வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் தன் தளத்தில் போடும் படத்தொகுப்போடு ஒப்பிடுங்கள்.

இனி அந்த அட்வான்ஸ் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கார்டு அவர் கையில் இல்லை. உங்கள் பணம் இருக்கிறது. வெளிவந்தபின் விலை இறங்கினால் சந்தையில் மலிவாக வாங்கி உங்களிடம் பேசிய விலைக்குத் தள்ளிவிடுவார். ஏறினால், “ஸ்டாக் வரவில்லை, சுங்கத்தில் நிற்கிறது” என்று சொல்லி, வந்ததை வேறொருவருக்கு விற்றுவிட்டுப் பல வாரம் கழித்து உங்கள் 6,000-ஐத் திருப்புவார், அல்லது திருப்பமாட்டார். இரண்டு பக்கமும் லாபம் அவருக்கே. சுங்கத்தில் பார்சல் உண்மையிலேயே நிற்பதுண்டு. அந்தத் தாமதத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை என்பதால்தான் இந்தப் பொய்யும் செல்லுபடியாகிறது. பார்சல் எண் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை முடித்துவிடுங்கள்.

பூஸ்டர் ஒன்றில் 14 கார்டு, அதில் ரேர் அல்லது மிதிக் எனும் அரிய வகைக் கார்டு ஒன்றாவது உறுதி. வெளியான வாரத்தில் உலகமெங்கும் பெட்டி பெட்டியாகப் பிரிப்பார்கள். ஒற்றைக் கார்டுகள் சந்தையில் குவியும். சித்திரையில் முதல் கூடை மாம்பழத்துக்குச் சொன்ன விலை வைகாசியில் நிற்பதில்லை அல்லவா? வெளியீட்டுக்குப் பிறகு இரண்டு, மூன்று வாரம் காத்திருங்கள். போட்டிகளில் ஜெயித்த டெக் பட்டியல்கள் அதற்குள் வந்துவிடும். கணினியில் மேஜிக் ஆடும் அரீனா செயலியின் பட்டியலைப் பார்ப்பதாக இருந்தால் ஒன்று: ‘ஸ்பைடர்மேன்’ கார்டுகளுக்கு அங்கே பெயரும் படமும் வேறு, விதி ஒன்றுதான். பெயர் கிடைக்கவில்லை என்று பதறவேண்டாம்.

வாங்கும்போது சாதாரணப் பதிப்பே போதும். ஓரமில்லாப் படம், மினுமினுப்பு ஃபாயில் எல்லாம் ஆட்டத்தில் ஒரு புள்ளி கூடத் தராது. ஃபாயிலில் மினுமினுப்புப் படலமும் காகிதமும் ஈரத்துக்கு ஒரே அளவில் விரிவதில்லை. அதனால் வளையும். வளைந்தது டெக்கில் தனியாகத் தெரிந்தால் குறியிட்ட கார்டு என்று நடுவர் கேட்பார்.

கார்டு கைக்கு வந்ததும், நகைத் தட்டார் வைத்திருப்பதைப் போன்ற, 30 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் பின்பக்கத்தைப் பாருங்கள். ஐந்து வண்ணப் புள்ளிகளில் பச்சைக்குள் நான்கு சிவப்புப் புள்ளிகள் எல் வடிவில் தெரியவேண்டும். தெரியாவிட்டால் போலி. இருபக்கமும் முகம் அச்சான கார்டுக்கு இந்தச் சோதனை இல்லை.

பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் காத்திருக்காதீர்கள். யு.பி.ஐ-யில் நீங்களாக அனுப்பியதை நீங்களாகத் திரும்ப இழுக்க முடியாது. பரிவர்த்தனை எண், அவருடைய செய்திகள், கைபேசி எண் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, அன்றே 1930-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். குழுவிலிருந்து அவர் உங்களை நீக்கினால் செய்திகளைப் பிறகு எடுப்பது சிரமம். ஆகவே ஸ்கிரீன்ஷாட் எடுப்பது முதலில், சண்டை போடுவது அப்புறம்.