ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணோட யூரோப்: 12 நாள்ல 7 நாடு வேணுமா?

கேள்வி: அக்கா, வணக்கம். பொண்ணு ப்ளஸ் டூ எழுதப்போறா. நல்லபடியா முடிச்சா யூரோப் கூட்டிட்டுப் போறேன்னு அவ பத்தாவது படிக்கறப்பவே அவங்கப்பா வாய விட்டுட்டாரு, இப்ப மாட்டிக்கிட்டோம். நாங்க ரெண்டு பேரு, அவ, 14 வயசுப் பையன், கூட அவளோட ஃப்ரெண்டும் அந்தப் பொண்ணோட அப்பா அம்மாவும், மொத்தம் 7 பேர். ஏஜென்ட் ஒருத்தர் லண்டன்ல ஆரம்பிச்சு ரோம் வரைக்கும் 12 நாள்ல 7 நாடுன்னு பிளான் குடுத்தாரு. எங்களுக்கு சந்தோஷம்தான், பொண்ணு மட்டும் "இதுக்கு நான் வீட்லயே தூங்குறேன்"ங்கறா. அவளுக்கு வர்ற ஜூன் 10 வந்தா 18 முடியுது. மே கடைசில கிளம்பலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பிளான் அப்புறம் பேசுவோம், மொதல்ல பீரோவத் திறந்து பொண்ணோட பாஸ்போர்ட்ட எடுங்க. மைனர் பாஸ்போர்ட் 5 வருஷத்துக்கு இல்லன்னா 18 வயசு முடியற வரைக்கும், இதுல எது முன்னாடி வருதோ அதுவரைக்கும்தான் செல்லும். அதனால அவளோடது அனேகமா ஜூன் 10-க்கு மேல ஓடாது. ஷெங்கன் விசாவுக்கோ (பிரான்ஸ், ஸ்விட்சர்லாந்து, இத்தாலின்னு யூரோப்ல நிறைய நாட்டுக்குச் சேத்து ஒரே விசா, அதுதான் இது) நீங்க அங்கருந்து கிளம்புற தேதிக்கு அப்புறமும் 3 மாசம் பாஸ்போர்ட் உயிரோட இருக்கணும். அப்ப மே மாசம் போறதா இருந்தாலும் விசா கிடைக்காது, டிக்கெட் போட்டது போட்டபடி கிடக்கும். 15 வயசு தாண்டிட்டா 10 வருஷ பாஸ்போர்ட்டே கேட்டு வாங்கலாம், பரீட்சை நெருங்கறதுக்குள்ள ரீ-இஷ்யூ போட்டுடுங்க. அந்த ஃப்ரெண்டு பொண்ணுக்கும் இதே கததான், அவங்க வீட்டுக்கு இன்னிக்கே போன் பண்ணிடுங்க.

ஆனா 18 ஆகறதுக்குள்ள போறதுல ஒரு லாபம் இருக்கு. பாரிஸ்ல லூவ்ரு, ஓர்சே மியூசியங்க, பக்கத்துல வெர்சாய் அரண்மனை, ரோம்ல கொலோசியம், இது எல்லாத்துலயும் 18-க்குக் கீழ இருந்தா எந்த நாட்டுப் பிள்ளையா இருந்தாலும் இலவசம். மூணு பிள்ளைங்களுக்கும் சேர்த்துப் பாத்தா நல்ல காசு மிச்சம். இலவசம்தானேன்னு நேரா போய் நிக்காதீங்க, பல இடத்துல அதுக்கும் ஆன்லைன்ல நேரம் போட்டு வச்சுக்கணும், வயசுக்கு சாட்சியா பாஸ்போர்ட்டும் கையில இருக்கணும். லூவ்ரு செவ்வாய்க்கிழமை லீவு, ஓர்சேவும் வெர்சாயும் திங்கக்கிழமை லீவு. ஒரு செவ்வாய்க்கிழமை லூவ்ரு வாசல்ல இருக்கற அந்தக் கண்ணாடி பிரமிடு முன்னாடி குடும்பத்தோட போய் நின்னு போட்டோ மட்டும் எடுத்துட்டு வந்த ஆள் நான், எம் பையன் இன்னமும் சொல்லிக் காட்டுறான்.

இப்ப அந்த 7 நாடு. ஒரு நாட்டுக்கு ரெண்டு நாள் கூட வரல, அதுலயும் பெட்டி கட்டறது, பஸ்ல உக்கார்றது, ஹோட்டல்ல செக்-இன்னுக்கு நிக்கறதுன்னு பாதி போயிடும். காலைல ஆறரைக்கு லாபியில நிக்கணும்னா 17 வயசுப் பொண்ணு மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு வருஷமா ட்யூஷன், டெஸ்ட், ரிவிஷன்னு அலாரம் வச்சே எந்திரிச்சவ, டூர்லயும் அலாரமா? இது அவ முடிச்சதுக்குப் போற டூர், அவ ரிதம்தான் முக்கியம். லண்டன மொதல்ல வெட்டுங்க, அதுக்கு தனி விசா, ஷெங்கன்ல அது சேராது. நானா இருந்தா பாரிஸ் 4 ராத்திரி, ஸ்விட்சர்லாந்துல இன்டர்லாக்கன் 3, ரோம் 5, அவ்வளவுதான். பாரிஸ்ல எறங்கி ரோம்லேர்ந்து திரும்பற மாதிரி மல்டி சிட்டி டிக்கெட் எடுத்தா திரும்ப பாரிஸ் வர்ற செலவும் நாளும் மிச்சம். இடையில ரெண்டு பயணமும் ட்ரெயின்ல போங்க, பாரிஸ்லேர்ந்து பாசெல் வரைக்கும் மூணு மணி நேரம், அங்க மாறி இன்டர்லாக்கன் ரெண்டு மணி நேரம். அங்கேருந்து மிலான் வழியா ரோம் போக ஒரு பகல் பூரா ஆயிடும், ஆனா ஆல்ப்ஸ ஜன்னல்ல பாத்துக்கிட்டே போற பகல்.

எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டு விசாதான் போடணும், இந்தக் கணக்குல உங்களுக்கு இத்தாலி. 12 வயசுக்கு மேல எல்லாருக்கும் முழு ஃபீஸ் 90 யூரோ, அதனால 7 பேருக்கும் முழுசுதான், விசா சென்டர் சார்ஜ் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மெடிக்கல் இன்சூரன்ஸ் வேணும். விசாவுக்கு 6 மாசம் முன்னாடியே போடலாம், கோடையில அப்பாயின்ட்மென்ட்டுக்கு அடிதடி நடக்கும், அதனால பிப்ரவரியிலயே முடிச்சுடுங்க. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு ரிஜிஸ்டர் பண்ணப் போறான்னா எந்த நம்பர் குடுக்குறீங்களோ அந்த சிம்ம ரோமிங்ல வச்சுக்கோங்க, ஈஃபில் டவர் மேல நின்னுக்கிட்டு ஓடிபி வரலன்னு பொலம்பக் கூடாது பாருங்க.

இன்டர்லாக்கன்ல யுங்ஃப்ராயோக் போகணும்னு எல்லாருமே ஆசப்படுவீங்க, 3,454 மீட்டர் உயரத்துல ரயில்வே ஸ்டேஷன், 1912-ல திறந்தது, செலவு கொஞ்சம் நெஞ்ச அடைக்கும். அதுக்கு மட்டும் முன்கூட்டியே டிக்கெட் வாங்காதீங்க. காலைல எந்திரிச்சு வெப்கேம்ல மேல வெயில் அடிக்குதான்னு பாத்துட்டு வாங்குங்க, மேகம் மூடியிருந்தா காசு குடுத்து வெள்ளை சுவத்தப் பாத்துட்டு வருவீங்க. அன்னிக்கு லாட்டர்ப்ரூனன் பள்ளத்தாக்குல நடந்தா போதும், கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்துலேர்ந்து விழற அருவி ரோட்டுலேர்ந்தே தெரியும். ஸ்விஸ் ட்ராவல் பாஸ் (அங்க ட்ரெயின், பஸ்ஸுக்கெல்லாம் சேத்து ஒரே பாஸ்) எடுத்தா 14 வயசுப் பையனுக்கு ஃபேமிலி கார்டு கேளுங்க, 16 முடியாத பிள்ளை அப்பா அம்மாவோட போனா இலவசம். பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் அது கிடையாது, யூத் பாஸ்தான்.

சாப்பாடு கேக்கல, ஆனா மனசுல இருக்கும்னு தெரியும். பாரிஸ்ல லா ஷப்பெல் மெட்ரோவுல எறங்கினா ஈழத்து தமிழங்க கடைத்தெருவே இருக்கு, தோசை, கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும், கடைல தமிழ்லயே ஆர்டர் பண்ணலாம். அதுக்காக தினமும் அங்கயே போய் உக்காந்துடாதீங்க, பிள்ளைங்க கோச்சுக்கும்.

கேள்வி: எங்க வீட்டு ரெண்டும் (17, 16) பாரிஸ், ரோம்ல ஒரு நாளாவது தனியா சுத்தணும்ங்குதுங்க. விடலாமா? எங்கம்மா கேட்டா மயக்கம் போட்டுடுவாங்க.
- ஒரு அப்பா, மதுரை

பதில்: அம்மாகிட்ட டூர் முடிஞ்சு வந்து சொல்லிக்கலாம் சார். பகல்ல நாலு மணி நேரம் விடலாம், முதல் நாள் வேணாம், மூணாவது நாள், மெட்ரோ எப்படின்னு உங்க கூடவே ரெண்டு தடவ போய்ப் பழகினப்புறம். பயப்பட வேண்டியது பிக்பாக்கெட்டுக்குத்தான். மெட்ரோ கதவு மூடற நேரத்துல கையிலேர்ந்து போன பிடுங்கிட்டு எறங்கி ஓடுவாங்க, அதனால கதவுப் பக்கத்துல நின்னு ரீல்ஸ் பாக்கறது கூடாது. பாரிஸ்ல சேக்ரே கேர் சர்ச் படிக்கட்டுல கைல கயிறு கட்டி விட்டு காசு கேப்பாங்க, பேப்பர நீட்டி கையெழுத்து கேக்கறவங்களும் உண்டு, நிக்காம நடக்கச் சொல்லுங்க. லொகேஷன் ஷேரிங் போட்டுக்கோங்க, சார்ஜ் போச்சுன்னா உதவ ஹோட்டல் அட்ரஸ் பேப்பர்ல எழுதி பாக்கெட்ல வைங்க, 112 அங்க எல்லா நாட்டுலயும் அவசர நம்பர். ரோம்ல தெருக்குழாய் தண்ணி குடிக்கலாம், நாசோனின்னு பேரு, வாயில விரல வச்சு அடைச்சா மேல இருக்கற ஓட்டை வழியா பீச்சி அடிக்கும், அதுலயே உங்க பசங்களுக்கு அரை மணி நேரம் போகும். சர்ச்சுக்குள்ள போற அன்னிக்கு தோளும் முட்டியும் மூடற டிரஸ், இத மட்டும் நீங்களே பாத்துடுங்க.

கேள்வி: பொண்ணோட ஃப்ரெண்டு மட்டும் எங்க கூட வர்றா, அவங்க அப்பா அம்மா வரல. ஏதாவது பேப்பர் வேணுமா?
- வாசகி, திருச்சி

பதில்: கண்டிப்பா வேணும். 18 முடியலன்னா விசா ஃபார்ம்ல அப்பா அம்மா கையெழுத்து, அதோட இன்னார் கூட இந்தத் தேதிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும் போக சம்மதம்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட லெட்டர நோட்டரி பண்ணி வாங்கிடுங்க, பர்த் சர்டிபிகேட் காப்பியும் சேத்து. ஒரிஜினல் லெட்டர் செக்-இன் பெட்டிக்குள்ள போகக் கூடாது, உங்க கைப்பையில இருக்கணும், இமிக்ரேஷன்ல கேட்டா எடுத்துக் குடுக்க.