அப்பப்பாவின் றங்குப் பெட்டி

வணக்கம் அண்ணா,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல்கள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். வட்டக்கச்சியில் எங்கள் வீட்டில் அப்பப்பாவின் றங்குப் பெட்டி ஒன்று இருக்கிறது. 2008இல் இடம்பெயர முதலே வவுனியா மாமி வீட்டுக்கு அனுப்பியதால் தப்பியது. உள்ளே ஒரு கட்டு ஏடு, பழைய பஞ்சாங்கங்கள், கோயில் மலர்கள், செத்தவீட்டில் அடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகங்கள். பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தால் பூட்டி வைத்துவிடுவார்கள், அதோடு பஞ்சாங்கமும் கல்வெட்டும் அவர்களுக்குக் குப்பைதான் என்கிறான் தம்பி. கொடுக்கலாமா? ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

கொடுங்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால், 'ஐப்பசி 9. முதல் மழை. மொட்டைக்கறுப்பன் 4 புசல் விதைச்சது.' வன்னியை ஆராய வருகிறவர்கள் முதலில் தேடுவது சிவில் சேவை அதிகாரி ஜே. பி. லூயிஸ் எழுதி 1895இல் கொழும்பில் அச்சான வன்னி மாவட்டக் கையேட்டைத்தான். அது ஆட்சி செய்தவர்களின் பக்கத்திலிருந்து எழுதியது. எந்த மழைக்கு எந்த நெல்லை விதைத்தோம் என்று ஒரு கமக்காரனே எழுதி வைத்தது எத்தனை நூலகத்தில் இருக்கும்? தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

கல்வெட்டும் அப்படித்தான். இறந்தவரின் 31ஆம் நாளுக்கு நூற்றுக்கணக்கில் அடித்து, வந்தவர்களுக்குக் கொடுத்து முடிகிற சின்னப் புத்தகம். அதில் வம்சாவளி இருக்கும், எந்த ஊரிலிருந்து குடியேற்றக் காலனிக்கு வந்தார்கள் என்பது இருக்கும். காணி உறுதியும் படமும் பிறப்புப் பத்திரமும் தொலைந்த எங்கள் வன்னியில் சில குடும்பங்களுக்கு மிஞ்சியிருப்பது அது மட்டும்தான்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் 1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் தொடங்கியது. 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. இரண்டே வருடத்தில், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதற்குப் பிறகு வடக்கில் ஒரு பழைய புத்தகத்தைத் தேடுகிறவர் போய் நிற்கக்கூடிய இடங்கள் மிகக் குறைந்துவிட்டன. 1987 ஒக்டோபரில் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே சண்டை நடந்தது. 1995 ஒக்டோபர் 30 பல்கலைக்கழகம் இருக்கிற வலிகாமப் பகுதிச் சனம் போரில் கையில் எடுத்ததோடு வெளிக்கிட்டது. நூலகத்தை யார் தோளில் தூக்குவது? இவ்வளவுக்கும் பிறகு அங்கே ஒரு பழைய புத்தகத்தைத் தொட்டுப் பார்க்க முடிகிறதென்றால், அதை யாரோ ஒருவர் வீட்டில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

2009 தொடக்கத்தில் நான் தருமபுரத்தில் ஒரு பிளாஸ்ரிக் பரலுக்குள் என் புத்தகங்களைப் போட்டுத் தாட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து கிண்டினபோது மூடிக்குள்ளால் தண்ணி போயிருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரிக் கிடந்தன. ஒரு பக்கத்தைக்கூடப் பிரிக்க முடியவில்லை. வீட்டில் வைத்திருப்பதை விடக் கொடுப்பது நல்லது என்று நான் சொல்வது அதனால்தான்.

பூட்டி வைப்பது பற்றித் தம்பி சொன்னது பாதி சரி. அரிய நூல்களை இரவல் தரமாட்டார்கள், அங்கேயே இருந்துதான் வாசிக்க வேண்டும். பழைய மரக்கூழ்த் தாளில் அமிலம் இருக்கிறது. அது பழுப்பாகி, விரித்தாலே உடையும். உங்களுக்குக் காட்ட வேண்டும் என்பதைக் கொடுக்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

அதற்கு முதல், ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கான் செய்வியுங்கள். 2005இலிருந்து பழைய நூல்களை ஸ்கான் செய்து இணையத்தில் போட்டுவரும் 'நூலகம்' என்ற நிறுவனத்தைக் கேட்கலாம். ஒரே பிரதி ஒரே இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று 1981இல் பார்த்துவிட்டோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது; வன்னிப் பொருள் வன்னியிலேயே இருக்கட்டும் என்று நினைத்தால் அங்கேயும் கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்த விருப்பம்தான் கூட.

அதுவரை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், கிழிசலுக்கு ரேப் ஒட்ட வேண்டாம். ஏட்டுக்கட்டின் நூல் அறுந்திருந்தாலும் அதே வரிசையில் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பெட்டியைச் சிமெந்து நிலத்தில் வைக்காமல் மேசையில் ஏற்றுங்கள், கறையான் கீழாலதான் வரும்.

கொடுக்கப் போகும் நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த 4 புசல் விதைத்த வயல் எந்த வாய்க்காலடியில் இருந்தது என்று அவவுக்குத் தெரிந்திருக்கும். அதையும் அவர்கள் பதிந்துகொள்ளட்டும்.