வாசகர் கேள்வி – பதில்: மிளகாயின் வாலும் மருந்தின் தலையும்

மருந்து வேதியியல் ஆராய்ச்சியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் மண்டபத்தில் வசிக்கும் விஞ்ஞானி, ராமநாதபுரம் கடற்கரை வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: அம்மா, எங்கள் வலையில் அவ்வப்போது கடற்பஞ்சும் பலவகைச் சங்குகளும் ஏறுகின்றன. இவற்றிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையென்றால் விலைக்கு வாங்குவார் உண்டா?
(மீனவர், பாம்பன்)

மருந்து வந்தது உண்மை. வாங்க ஆள் வரமாட்டார். வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் ஃபுளோரிடா கடலில் கிடைத்த ஒரு பஞ்சில் சில சேர்மங்களைக் கண்டு 1950களின் தொடக்கத்தில் அறிவித்தார். அவை நம் உயிரணுக்களில் டி.என்.ஏ.வைக் கட்ட உதவும் நியூக்ளியோசைடுகள் என்ற மூலக்கூறுகளைப் போலவே இருந்தன. சர்க்கரைப் பகுதி மட்டும் வேறு. அந்த ஒரே வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு ஆய்வகத்தில் உருவாக்கிய சைட்டராபின் 1969-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. புற்றுநோய் உயிரணு டி.என்.ஏ.வைக் கட்டும்போது இதையும் தன் செங்கல் என்று நம்பி எடுத்து வைக்கிறது; அதற்கு மேல் சுவர் எழும்புவதில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் இம்மருந்து தரப்படுகிறது, ஆனால் அதற்காக யாரும் பஞ்சு பறிப்பதில்லை.

ஏன் பறிக்க முடியாது என்பதற்கு ஜப்பானியப் பஞ்சு ஒன்றே போதும். 600 கிலோ பஞ்சை அரைத்துப் பிரித்தபோது கிடைத்த ஹாலிகாண்ட்ரின்-பி என்ற புற்றுநோய் எதிர்ப்புப் பொருள் 12.5 மில்லிகிராம், அதாவது ஒரு சிட்டிகை உப்பிலும் குறைவு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யோஷிதோ கிஷியின் குழு 1992-இல் அந்த மூலக்கூறை முழுவதுமாகச் செயற்கையில் கட்டியது. கட்டும் வழி தெரிந்த பிறகே, ஏறக்குறைய பாதி மூலக்கூறை வெட்டிவிட்டாலும் வேலை செய்கிறது என்பது புலப்பட்டது. அந்தப் பாதியிலிருந்து வடிவமைக்கப்பட்ட எரிபுலின் 2010 முதல் மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது.

எனவே கடல் எங்களுக்குத் தருவது ஒரு வடிவத்தை. அந்த வடிவம் கிடைத்த இடத்து மக்களுக்கு அதன் பலனில் பங்கு உண்டு என்று 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் கூறுகிறது. அதைக் கவனிக்கும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் உள்ளது. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கிருந்து எதையும் எடுத்துவர வேண்டாம். கூம்பு வடிவச் சங்கு உயிரோடு வலையில் வந்தால் வெறுங்கையால் தொடவும் வேண்டாம். அந்த வகைச் சங்கு ஒன்றின் நஞ்சைப் பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டமெரோ ஒலிவேராவின் குழு ஆராய்ந்ததிலிருந்துதான் 2004-இல் சிகோனோடைடு என்ற வலிமருந்து வந்தது. ஆய்வுக்கூடத்தில் அது மருந்து; படகில் அது கொட்டும்.

கேள்வி: மருந்தை "வடிவமைப்பது" என்கிறீர்கள். கணினியில் வரைந்துவிட்டால் முடிந்ததா? அன்றாடம் நீங்கள் செய்த வேலைதான் என்ன?
(முதுகலை வேதியியல் மாணவி, கீழக்கரை)

வரைவது எளிது, நானும் பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் வரைந்திருக்கிறேன். நம் ஊர்க் குண்டு மிளகாயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உறைப்புக்குக் காரணமான கேப்சைசினுக்கு மூன்று பகுதிகள்: வனிலாவை ஒத்த ஒரு வளையம் தலை, அமைடு பிணைப்பு கழுத்து, நீண்ட கார்பன் சங்கிலி வால். தலையிலுள்ள ஹைட்ராக்சிலை (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு தொகுதி) மாற்றினால் என்ன ஆகும், கழுத்தைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும், வாலைக் குட்டையாக்கினால் உறைப்பு எவ்வளவு குறையும் என்று ஒவ்வொன்றாகச் செய்து, அளந்து, அட்டவணையில் எழுதுவதுதான் எங்கள் தொழில். ஒரு நேரத்தில் ஓர் இடத்தை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் பலனுக்கு எது காரணம் என்று தெரியாது.

கேப்சைசின் பற்றிக்கொள்ளும் ஏற்பியை, அதாவது நரம்பு உயிரணுவில் உள்ள உணர்வுப் புரதத்தை, அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் அடையாளம் கண்டது. அதற்காக அவருக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. எரிச்சலை உணரும் ஏற்பியை அடைத்துவிட்டால் வலி போய்விடும் அல்லவா? பல நிறுவனங்கள் அப்படித்தான் எண்ணி, அழகான அடைப்பான்களை வடிவமைத்தன. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றுள் ஒன்று காய்ச்சலை எழுப்பியது. சிலருக்கு 40 டிகிரி செல்சியஸைத் தொட்டது. உடலின் வெப்பத்தைச் சீராக வைப்பதிலும் அந்த ஏற்பிக்குப் பங்கு உண்டு. வேறு சில அடைப்பான்களை உட்கொண்டவர்களுக்குச் சுடுநீரின் சூடு சரியாக உறைக்கவில்லை. கடைசியில், அக்கி ஆறிய பின்னும் நீடிக்கும் நரம்பு வலிக்கு 2009-இல் ஒப்புதல் பெற்றது எது தெரியுமா? கேப்சைசினையே 8 விழுக்காடு ஏற்றிய ஒட்டுப்பட்டை. எங்கள் புத்திசாலித்தனத்தைப் பார்த்து மிளகாய் சிரித்திருக்கும்.

இனி அன்றாட வேலை. காலையில் குடுவையில் வினை ஏற்றுவோம். மணிக்கொரு முறை அதிலிருந்து ஒரு துளியை கலவையிலுள்ளவற்றைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும், விரல் நீளமுள்ள டிஎல்சி தகட்டில் புள்ளி வைத்து, கரைப்பான் ஏறவிட்டு, புற ஊதா விளக்கின் கீழ்ப் பார்ப்போம். பழைய புள்ளி மறைந்து புதுப் புள்ளி ஒன்று தோன்றினால் நல்ல நாள். ஐந்து தோன்றினால் அவற்றைப் பிரித்தெடுக்க, சிலிக்காத் தூள் நிரப்பிய குழாயான நிரலோடு மாலை முழுவதும் போராட்டம். முதன்முதலில் நான் தயாரித்த சேர்மம் கருப்பட்டிப் பாகுபோல் அடியில் படிந்து, நான்கு நாட்களாக இறுகாமல் கிடந்தது. ஐந்தாம் நாள் மூத்த சக ஊழியர் ஒருவர், ஒன்றும் பேசாமல், கண்ணாடிக் கோலால் குடுவையின் உட்சுவரைக் கீறினார். கீறிய கோட்டிலிருந்து, வாலிநோக்கம் உப்பளப் பாத்தியில் உப்பு பூப்பதைப் போல, வெண்படிகங்கள் பூத்தன. அந்தச் சேர்மம் எந்த நோய்க்கும் பயன்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: தாங்கள் உருவாக்கிய மருந்துகள் எத்தனை கடைகளில் கிடைக்கின்றன?
(பள்ளி ஆசிரியர், தேவிபட்டினம்)

ஒன்றுகூட இல்லை. மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்தை எட்டும் சேர்மங்களிலேயே ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் மருந்தாகிறது. அந்தக் கட்டத்தை எட்டாதவற்றுக்குக் கணக்கே கிடையாது. நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், மூன்று ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ஒரு சேர்மத் தொடர், இதயத் துடிப்பின் தாளத்தைக் காக்கும் பொட்டாசியம் வழியை (இதய உயிரணுவிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் புரத வாயில்) அடைத்ததால் கைவிடப்பட்டது. குற்றவாளி, சேர்மத்திலிருந்த காரத்தன்மையுள்ள ஒரு நைட்ரஜன் அணு. அதை நீக்கினால் இதயம் தப்பியது, ஆனால் சேர்மம் நீரில் கரைய மறுத்தது. கரைய வைத்தால் குடலைத் தாண்ட மறுத்தது. கோப்பை மூடிய அன்று எனக்கு மேலதிகாரிமீது கோபம் இருந்தது, இன்று இல்லை. அதே வழியைத்தான் டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்தும் அடைத்தது. அது விற்பனைக்கு வந்து பல ஆண்டுகள் கழித்தே ஆபத்து புரிந்து, 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. கல்லீரல் அதை மாற்றித் தரும் ஃபெக்சோஃபெனடின் இதயத்தைத் தொடவில்லை. ஆகவே அதுவே மருந்தாயிற்று.

நம் நாட்டில் தொடங்கிக் கடைவரை சென்றதற்குச் சான்று வேண்டுமானால், லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்த் குழுவினர் உருவாக்கிய சென்ட்குரோமன் இருக்கிறது. ஸ்டீராய்டு ஹார்மோன் அல்லாத இந்தக் கருத்தடை மாத்திரை 1990களின் தொடக்கத்தில் "சஹேலி" என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த ஆய்வு பல பத்தாண்டுகளை விழுங்கியது.

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்தத் துறைக்குச் செல்ல விரும்புகிறாள். எந்த வழியில் அனுப்புவது?
(ஒரு தந்தை, தொண்டி)

முதுகலையில் கரிம வேதியியலை எடுக்கட்டும். அதற்கு ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களின் முதுகலைச் சேர்க்கைக்கான ஜாம் தேர்வு ஒரு வழி. பிறகு தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், லக்னோ போன்ற இடங்களில் முனைவர் பட்டத்துக்குச் சேரலாம். மொகாலி முதலான இடங்களிலுள்ள நைப்பர் எனும் தேசிய மருந்தியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் மருந்து வேதியியலை முதுநிலைப் பாடமாகவே நடத்துகின்றன. தொழிற்சாலை வேலைக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை; ஆனால் எந்தச் சேர்மத்தைச் செய்வது என்று முடிவெடுக்கும் நாற்காலி பெரும்பாலும் அந்தப் பட்டத்துக்குப் பின்தான் கிடைக்கிறது.

அதற்கு முன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: கல்லூரி ஆய்வகத்தில் கரைப்பான் வாடை அவளுக்குத் தலைவலி தருகிறதா? தருமென்றால் கணினிவழி மூலக்கூறு வடிவமைப்பு அவளுக்குப் பொருந்தும். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் உயிர்தகவலியல் துறை இருக்கிறது. தொண்டியிலிருந்து பேருந்தில் சென்று ஒரு நாளில் பார்த்துத் திரும்பிவிடலாம்.