டீக்கடையில் கேட்ட குரலை என்ன செய்வது?

கேள்வி: கோத்தகிரி – மேட்டுப்பாளையம் சாலையில் அப்பா டீக்கடை வைத்திருக்கிறார். படிப்பை முடித்துவிட்டு நானும் கடையில் கூடமாட இருக்கிறேன். ஐப்பசி மழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்து, வண்டிகளையெல்லாம் எங்கள் வழியாகத் திருப்பிவிட்ட இரவு, கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் தெரியும். கர்நாடக சங்கீதத்தில் பெரிய பாடகர். ஊட்டியிலிருந்து கோவைக்குப் போகிறார், மறுநாள் கச்சேரி. எங்கள் பக்கமும் மரம் விழுந்திருந்ததால் வழி விடும்வரை கடையிலேயே இருந்தார். அப்பாவோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு மூலை பெஞ்சில் உட்கார்ந்து, போனில் சுருதி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். ரொம்ப நேரம் அடிக்குரலிலேயே நின்றார். ஓரிடத்தில் குரல் பிசிறியது. அதையே திரும்பத் திரும்பப் பாடினார். அடுப்படியில் நின்று நான் அதை வீடியோ எடுத்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. “இதைப் போட்டால் கடை எங்கேயோ போய்விடும். பசுந்தேயிலைக்குத்தான் விலை இல்லை, இதிலாவது நாலு காசு பார்க்கலாம்” என்கிறான் பெரியப்பா மகன். “வந்த விருந்தாளியை விற்பதா?” என்று அப்பா கோபப்படுகிறார். நானும் கொஞ்சம் பாடுவேன். என் பாட்டை அவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புத் தங்கைக்கு,

வீடியோவை எங்கேயும் போடாதீர்கள். பெரியப்பா மகனுக்கும் அனுப்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒருவர் கைக்குப் போனால் ஊர் முழுக்கப் போன மாதிரிதான். ஆனால் அதை அழித்தும் விடாதீர்கள்.

அன்று உங்கள் கடையில் நடந்தது சாதகம், அதாவது பாடகர் தனியாகச் செய்யும் குரல் பயிற்சி. மந்திர ஸ்தாயியில், அதாவது அடிக்குரலில், ஒவ்வொரு ஸ்வரமாக நீட்டி நிறுத்திப் பாடுவது குரலைப் பதப்படுத்தும் பழைய பயிற்சி. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரிலிருந்து மழையோடு இறங்கி வந்தவருக்குத் தொண்டை இறுகியிருக்கும். மறுநாள் மேடை. குரல் எங்கே நிற்கிறது, எங்கே நழுவுகிறது என்று தனக்குத்தானே சோதித்துப் பார்த்திருக்கிறார். இதைச் செய்ய ஒரு பாடகருக்கு யாரும் பார்க்காத இடம் வேண்டும். உங்கள் மூலை பெஞ்சை அப்படிப்பட்ட இடமாக அவர் நம்பினார். அதை நினைத்து நீங்கள் பெருமைப்படலாம்.

இந்த வீடியோ வெளியே போனால் என்ன ஆகும்? அவ்வளவையும் பொறுமையாகக் கேட்பவர்கள் மிகக் குறைவு. குரல் பிசிறிய சில விநாடிகளை மட்டும் வெட்டி எடுத்து, ‘குரல் போய்விட்டது’ என்று தலைப்புப் போட்டுச் சுற்றவிடுவார்கள். காலமெல்லாம் பாடுபட்டுக் காத்த ஒரு குரலுக்கு அந்தத் துண்டு அடையாளமாகிவிடக் கூடாது. எனக்கு இதை நினைத்தாலே வலிக்கிறது.

சட்டமும் அவர் பக்கம்தான் நிற்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 38-ஆம் பிரிவு, பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் தங்கள் நிகழ்த்துதலின் மீது 50 ஆண்டு உரிமை தருகிறது. நேரில் பாடிக் காட்டுவது எதுவானாலும் அதில் அடங்கும். மேடை இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. 2012-இல் வந்த திருத்தம், தன் பாட்டைச் சிதைத்துப் பெயரைக் கெடுப்பதைத் தடுக்கும் உரிமையையும் சேர்த்தது. அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காகவோ உண்மையான கற்பித்தலுக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ எடுக்கும் பதிவை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. ஆகவே நீங்கள் மட்டும் கேட்க வைத்திருப்பதில் தவறில்லை. அவர் சம்மதமில்லாமல் ஊருக்குக் கேட்கச் செய்வதுதான் தவறு.

நம் நாட்டில் இசைத்தட்டு தொடங்கியதே பாடுகிறவரின் சம்மதத்தோடுதான். 1902-இல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பாடிய இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான், பாடி முடித்ததும் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்வார். மூன்று நிமிடத்துக்குள் எதைப் பாடுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவர் முடிவு. உங்கள் வீடியோவில் அந்த முடிவை எடுக்க, கடைக்கு வந்த பாடகருக்கு வழியே இல்லாமல் போய்விட்டது.

பெரியப்பா மகன் மீது வருத்தப்படாதீர்கள். பசுந்தேயிலை விலை சிறு விவசாயிகளை எவ்வளவு காலமாக வாட்டுகிறது என்பது நீலகிரி முழுக்கத் தெரியும். கடை நன்றாக ஓட வேண்டும் என்று அவர் நினைப்பது நியாயம்தான். அவரிடம் அந்தப் படத்தைக் கொடுங்கள். பாடகரே விரும்பி உங்கள் அப்பாவோடு நின்ற படம். பெரிதாக அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டு, உள்ளே வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டட்டும். ஊட்டிக்குப் போகிற வண்டிகள் நின்று விசாரிக்கும், அப்பாவும் கதை சொல்வார்.

இனி அழிக்க வேண்டாம் என்றேனே, அதற்கு வருகிறேன். மேடையில் நாம் கேட்பதெல்லாம் முடிந்த வேலை. சங்கதி, அதாவது ஒரே வரியை மெருகேற்றி மாற்றிப் பாடும் நுணுக்கம், சரியாக விழுந்துவிட்ட பிறகு எவ்வளவு லேசாகத் தெரிகிறது! அது விழுவதற்கு முன்னால் ஒரு பெரிய வித்வான் என்ன பாடுபடுகிறார் என்பதைக் கூடவே இருக்கும் சீடர்கள்தான் பார்ப்பார்கள். உங்களுக்கு அது கிடைத்திருக்கிறது. பிசிறிய இடத்துக்கு வந்ததும் வீடியோவை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேளுங்கள். இரண்டாம் முறை வேகத்தைக் குறைத்தாரா? முழு வரியையும் பாடினாரா, நழுவின இரண்டு ஸ்வரத்தை மட்டும் பிரித்தெடுத்தாரா? மூச்சை எங்கே வாங்கினார்? எப்போது ‘சரி’ என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்? பிறகு உங்கள் சுருதியில் நீங்களும் அதையே பாடிப் பாருங்கள். எத்தனை வகுப்புக்குப் போனாலும் சுலபத்தில் கிடைக்காத பாடம் இது.

அவருக்குக் கடிதம் எழுதுங்கள். கோவையில் கச்சேரி நடத்திய சபாவில் கொடுத்தால் சேர்ப்பார்கள். மண்சரிவு நாளில் எந்தக் கடை, யார் மகள் என்று சொல்லிவிட்டு, தெரியாமல் வீடியோ எடுத்ததையும் யாருக்கும் அனுப்பவில்லை என்பதையும் எழுதுங்கள். வைத்துக்கொண்டு கற்கலாமா என்று கேளுங்கள். அழிக்கச் சொன்னால் அன்றே அழித்துவிடுங்கள்.

உங்கள் பாட்டை அந்தக் கடிதத்தோடு சேர்க்காதீர்கள். கையில் அவருடைய வீடியோ இருக்கும்போது ஒரு உதவியும் கேட்டால், மறுத்தால் என்ன ஆகுமோ என்ற தயக்கம் அவருக்கு வரும். பதில் வந்து மனம் இலகுவான பிறகு அனுப்பலாம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். கோவையில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. குரலிசைக்கு என்ன தகுதி, சேர்க்கை எப்போது, தங்க இடம் உண்டா என்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே போய் விசாரித்துவிட்டு வாருங்கள். ‘கொஞ்சம் பாடுவேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ராகம் வரை கற்றிருக்கிறீர்கள், யாரிடம் கற்றீர்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.